இருபத்தாறாம் நம்பர் சீப்பு

அந்தப் பெட்டியில் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் தப்பாகச் சொன்னேன்.

மற்ற எதுவும் தெரியவில்லை. தெரியாததால் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். போனில் படம் எடுத்துப் பழைய கம்பெனிப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பேர் கண்டுபிடித்ததும் அட்டையில் எழுதி நூலில் கட்டினேன். சொரசொரப்பான இரண்டு உருளை வைத்தது நர்லிங் டூல். கத்தி அலகு போல ஒல்லியாக இருந்தது துண்டாக்குகிற பார்ட்டிங் டூல். கோல் முனையில் சின்னப் பல் செருகியிருந்தது உள்ளே குடைகிற போரிங் பார். எல்லாம் சரியாகச் சொன்னேன். தெரிந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை, எதிலும் தேடவில்லை. தெரியும் என்றால் எதற்குத் தேட வேண்டும்?

நான் படித்தது பி.இ. மெக்கானிக்கல். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கல்லூரி லேபில் ஆறு பேருக்கு ஒரு லேத், அதாவது கடைசல் மெஷின். நாலு பையன்கள் மெஷினை ஓட்டுவார்கள். நானும் பானுப்ரியாவும் ரெக்கார்டு நோட்டு எழுதுவோம். "பொம்பளப் பிள்ளைக எழுத்து அழகா இருக்கும்" என்பார் லேப் சார். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதைக்கூட அவர் பார்த்ததில்லை. கடைசியில் எல்லோருக்கும் ஒரே மார்க் போட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் அதே கதைதான். பழனி ரோட்டில் ஞானராஜ் சாரின் லேத் பட்டறை. லேத் ஓட்டுகிற டர்னர் வேலைக்கு ஆள் தேவை என்று பலகை தொங்கியது. போய்க் கேட்டேன். சர்ட்டிபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, துப்பட்டா மெஷின் சக்குல சுத்துச்சுன்னா நான்ல போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையணும்? மேசையில உக்காந்து ஜாப் கார்டு எழுது, பில்லு போடு, போன் எடு. மெஷின அப்புறம் பாப்போம்."

அந்த 'அப்புறம்' சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. பட்டறையின் ஒரே டர்னர் கண்ணன், தொளதொளவென்று கைலி கட்டி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு மெஷினில் நிற்பார். துண்டு சக்கில் சுற்றாதாம். நான் முதல் நாள் கொண்டுபோன காக்கி லேப் கோட்டு, மேசை டிராயரில் மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது.

போன நவம்பரில் சார், வேடசந்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு நூல் மில்லிலிருந்து பழைய லேத் ஒன்று வாங்கினார். கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. கண்ணன் அண்ணன் மூடியைத் திறந்து இரண்டு சாமானைக் கிளறிப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். எதுக்கும் ஆகாது" என்றார்.

அன்று சாயங்காலமே பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது.

கடைக்காரர் நைனா முகமது மாமா எங்கள் பேகம்பூர்த் தெருக்காரர். மறுநாள் காலையில் போய் நின்றேன். பெட்டியை எடைக்கு எடை வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"என்ன தாயி, கல்யாணச் சீரா? தங்கம் விக்கிற வெலைக்கு இரும்பாச் சேத்து வைக்கிறியா?" என்று சிரித்தார். ரசீது எழுதிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

எனக்கென்று சொந்தமாக டூல் இருந்தால் என்றைக்காவது மெஷினில் நிற்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கணக்கு.

பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தச் சீப்புகள் இருந்தன. கனமான எஃகுப் பட்டை. ஒரு முனையில் வரிசையாகக் கூரான பல். மறுமுனை கைப்பிடி மாட்டுவதற்காக வால் போல ஒல்லியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் நம்பர் குத்தியிருந்தது: 8, 10, 11, 14, 26. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு. ஒன்றுக்கு நுனியில் பல், இன்னொன்றுக்குப் பக்கவாட்டில் பல்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? என் அத்தா அப்துல் ஹாதி இருபது வருஷம் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் ஊறிய கால்களோடு நின்றவர். இப்போது வீட்டிலேயே தோல் தைக்கிறார். ஜல்லிக்கட்டு மாடுகளுக்குக் கழுத்தில் கட்டும் சலங்கைப் பட்டை, இடுப்பு வார், பை. தோலில் ஊசி ஏறும் முன்னால் ஓட்டைக்குப் புள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பல் வைத்த ஓர் இரும்பைத் தோலில் நிறுத்திக் கொட்டாப்புளியால் ஒரு போடு போடுவார். எங்கள் வீட்டில் அதைச் சீப்பு என்போம். எட்டாம் நம்பர் சீப்பு என்றால் ஓர் இஞ்சுக்கு எட்டுத் தையல். நான் நடக்கப் பழகும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டவள். மில்லில் மெஷின்களுக்கு அகலமான தோல் பெல்ட் ஓடும். பெல்ட் இருந்தால் தைக்க வேண்டும். தைக்கச் சீப்பு வேண்டும். எல்லாம் பொருந்தியது.

அட்டையில் 'தையல் சீப்பு' என்று எழுதிக் கட்டி அத்தா முன்னால் வைத்தேன். அவரிடம் இருந்தது ஒரே சீப்பு. அதிலும் இரண்டு பல் தேய்ந்தது.

"இது ஒங்க சாமான், அத்தா. மில்லுல பெல்ட் தைக்கிறது."

கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "பல்லு மொண்ணையா இருக்கே?"

"சாணை பிடிச்சுக்கங்க."

நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

"இந்தா, பக்கத்துல பல்லு இருக்கே, இதுக்கு எங்கிட்டு அடிக்கிறது?"

"அது வேற வேலைக்கு இருக்கும்."

"என்ன வேலைக்கு?"

"மில்லுல என்னமோ ஒண்ணுக்கு. எதுக்கு அத்தா அம்புட்டுக் கேள்வி?"

அவர் விடவில்லை. 26 என்று குத்தியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்தார். "இஞ்சுக்கு இருபத்தாறு தையல் போட்டா, தோலு தபால் தலை மாதிரி கிழிஞ்சுல்ல போகும்?"

"மெல்லிசுத் தோலுக்கு இருக்கும்."

"எந்தத் தோலு? எலித் தோலா?"

அடுப்படியில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாளெல்லாம் பட்டறையில் இன்ஜினியரம்மா, இன்ஜினியரம்மா என்று கேலி கேட்டுவிட்டு வருகிறேன். வீட்டிலுமா?

"நீங்க பி.இ. படிச்சீங்களா, நான் படிச்சேனா?"

அத்தா சீப்பைக் கீழே வைத்தார். "சரிம்மா. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எங்கள் வீட்டில் அது சட்டம். நான் சொன்னால் அது புத்தகத்தில் இருப்பது. மாத்திரைச் சீட்டு, கரண்டு பில், ஆதார் கார்டுத் திருத்தம், எதுவானாலும் என் சொல்தான் முடிவு. அந்த அதிகாரத்தை நான் எலித் தோலுக்குச் செலவழித்தேன்.

ஜனவரி வந்தது. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. அத்தாவுக்குச் சலங்கைப் பட்டை வேலை தலைக்கு மேல். நுனியில் பல் இருந்ததில் நாலைச் சாணைக்காரரிடம் கொடுத்துப் பல்லை ஒல்லியாக்கி வாங்கி வந்திருந்தார். பக்கப் பல் ஐந்தும், நுனிப் பல் வைத்த இருபத்தாறாம் நம்பரும் 'எதுக்கும் ஆகல' என்று மூலையில் கிடந்தன.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நத்தத்திலிருந்து கண்ணம்மாள் என்ற அம்மாள் பட்டறைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் பையிலிருந்து பித்தளைப் பம்ப் ஒன்றை எடுத்து என் மேசையில் டங்கென்று வைத்தார். மாமரத்துக்கு மருந்தடிக்கிற பழைய கைப்பம்ப். சிலிண்டரின் வாயை மூடுகிற பித்தளை வளையம் விண்டுபோயிருந்தது. சிலிண்டரில் வெளிமரை, அதாவது வெளிப்பக்கத் திருகுப் புரி, நன்றாக இருந்தது. அதில் திருகுகிற மாதிரி உள்மரையோடு புதிய வளையம் வேண்டும்.

"மரம் பூரா பூ எடுத்துருக்கு. தத்துப்பூச்சி விழுந்துருச்சு. நாளைக்குள்ள மருந்து ஏறலைன்னா இந்த வருஷம் பிஞ்சே நிக்காது" என்றார்.

"வாடகைக்கு மோட்டார் ஸ்ப்ரேயர் கிடைக்குமேம்மா" என்றேன்.

"ஊரே வரிசையில நிக்குது. எம்மொற வாரதுக்குள்ள பூவு பூரா கொட்டிப் போகும். நீ எதுக்குக் கேக்குற? ஆம்பளையாளு யாரும் இல்லையா?"

பொம்பளையாள் கேட்டாலும் இதே கேள்விதான். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் மரையைக் கண்ணால் பார்த்தார். அளக்கவில்லை. பட்டறையில் மரை அளக்கிற கேஜ் ஒன்று உண்டு. பாதி இதழ் உடைந்தது. அதையும் அவர் தொடமாட்டார். "இஞ்சுக்கு இருபத்திநாலு மரை" என்றார். வளையம் கடைந்து, இருபத்திநாலு போட்டு, சிலிண்டரில் திருகினார். இரண்டு சுற்றுப் போனது. மூன்றாவதில் இறுகி நின்றது. இன்னொரு வளையம் கடைந்து இருபத்தெட்டுப் போட்டார். அதுவும் இரண்டு சுற்றில் நின்றது.

"பம்ப் மரை தேஞ்சு போச்சுக்கா. காயலானுக்குப் போட்டுருங்க."

"தேயலை தம்பி. நேத்து வரைக்கும் ஒழுகாம அடிச்சேன்."

"தேயாமலா புது வளையம் ஏறல?"

தன் கண் தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு எப்போதும் சாமானில்தான். எனக்கு எரிந்தது. பம்பை இழுத்து என் பக்கம் வைத்தேன். ஜாப் கார்டை மரையின் மேல் பிடித்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன், சின்னப் பிள்ளையில் நாணயத்தைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்ப்போமே அப்படி. கறுப்பு வரிகள் வரிசையாக விழுந்தன. இஞ்சு ஸ்கேலை வைத்து எண்ணினேன். அரை இஞ்சில் பதிமூன்று. தாளைத் திருப்பி மறுபடி எண்ணினேன். பதிமூன்று.

"அண்ணே, இது இருபத்திநாலும் இல்ல, இருபத்தெட்டும் இல்ல. இருபத்தாறு."

"இருபத்தாறுக்கு மாட்ட இந்த லேத்துல பல்சக்கரமே கிடையாது, இன்ஜினியரம்மா. மெஷின் தட்டுல எழுதியிருக்கு, படிச்சுப் பாரு. படிக்கத்தான தெரியும் ஒனக்கு?"

சக்கரம் இல்லை, அதனால் அப்படி ஒரு மரையே உலகத்தில் கிடையாது. ஆனால் என் காதில் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. எந்தத் தோலு? எலித் தோலா?

8, 10, 11, 14, 26. ஓர் இஞ்சுக்கு இத்தனை என்பது சரி. தையல் இல்லை. மரை. நுனியில் பல் இருப்பது வெளிமரைக்கு. பக்கவாட்டில் பல் இருப்பது ஓட்டைக்குள்ளே நுழைத்து உள்மரை வெட்டுவதற்கு. அதனால்தான் ஜோடி ஜோடியாக இருந்தது. அதனால்தான் கொட்டாப்புளியால் அடிக்க இடம் இல்லை. என் அத்தா ஐந்தே நிமிஷத்தில் சரியான கேள்வி இரண்டு கேட்டார். இரண்டுக்கும் நான் பட்டத்தைக் காட்டி வாயை அடைத்தேன்.

"செத்த நேரம் இருங்கம்மா. போயிராதீங்க" என்று கண்ணம்மாளிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. டொக். டொக். ஓடினேன். அத்தா பதினாலாம் நம்பரை வாரின் மேல் நிறுத்தி ஓங்கியிருந்தார். பக்கத்தில் எட்டும் பத்தும் பதினொன்றும் கிடந்தன, பல் நொறுங்கி, பொக்கை வாயோடு.

"விடுங்க!" என்று கத்திப் பிடுங்கினேன். அதிலும் மூன்று பல் இல்லை.

அத்தா கையைத் தூக்கியபடியே இருந்தார். "தப்பா எதும் பண்ணிட்டேனா ம்மா?"

"அப்புறம் சொல்றேன்" என்றேன். ஞானராஜ் சார் சொல்கிற அதே அப்புறம். மூலையில் கிடந்த பக்கப் பல் இருபத்தாறை எடுத்தேன். அடுப்படிக் கதவுக்கு அம்மா முட்டுக் கொடுத்திருந்த இரும்பையும் உருவினேன். அதுவும் பெட்டியில் வந்ததுதான். தட்டையான குறுக்குக் கட்டையும் கீழே ஒரு தண்டும். அது ஒன்றுக்குத்தான் எனக்குப் பேர் கிடைக்கவில்லை. இப்போது தெரிந்தது. சீப்பைச் சாய்த்துப் பிடிக்கிற தாங்கி.

எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு தேடுவது எவ்வளவு சுலபம்! திரும்புகிற ஆட்டோவிலேயே போனில் ஒரு வீடியோ கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, சீப்பைக் கையால் பிடித்து, வெண்ணெய் எடுப்பது போல மரை போட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குப் பி.இ. தேவைப்படவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

பட்டறைக்குள் நுழைந்ததும் சீப்பைச் சிலிண்டர் மரையின் மேல் வைத்துக் காட்டினேன். பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. நடுவில் வெளிச்சம் நுழைய இடமில்லை. ஞானராஜ் சாரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"அட! இது எங்க கெடைச்சுச்சு?"

"நீங்க காயலானுக்குப் போட்ட பெட்டியில சார்."

"நம்ம பெட்டியா? அப்பச் சரி." என் கையிலிருந்து வாங்கிக் கண்ணன் அண்ணனிடம் நீட்டினார். "இந்தா கண்ணா, மாட்டி ஓட்டு."

நான் ஒருத்தி அங்கே நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

கண்ணன் அண்ணன் அதை மெஷினில் டூலைப் பிடிக்கிற டூல் போஸ்டில் வைத்து இறுக்கினார். இருபத்தெட்டுக்கு மாட்டிய சக்கரம் அப்படியே இருந்தது. மெஷின் இருபத்தெட்டுக்கு இழுக்கும், பல் இருபத்தாறுக்கு நிற்கும். ஒரே சுற்றில் பல் அத்தனையும் போய்விடும். என் வீட்டில் நாலு பொக்கை வாய் கிடக்கிறது.

"அண்ணே, மெஷின் இழுக்கக் கூடாது. கையாலதான் பிடிக்கணும்."

"கையாலயா? லேத்துல கையால டூலப் பிடிக்கவா? இது என்ன, வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குறதா?" என்று ஸ்விட்சைப் போடப் போனார்.

நான் சுவரில் இருந்த மெயினை இழுத்துவிட்டேன்.

மெஷின், லைட், மின்விசிறி எல்லாம் நின்றன. பட்டறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் சார்.

"கழட்டச் சொல்லுங்க சார். அது என் டூல்."

"எது ஒன் டூல்? எல்லாம் என் லேத்தோட வந்த சாமான்."

"நீங்க தூக்கிப் போட்டீங்க. நான் வாங்கினேன். நைனா மாமா கையெழுத்துப் போட்ட ரசீது வீட்ல இருக்கு. காயலான் கடையில கெடந்தப்ப இரும்பு, நான் பேர் கண்டுபிடிச்சதும் உங்க சாமானா? ரெண்டு வருஷமா துப்பட்டா, துப்பட்டான்னு சொல்லி மேசையில ஒக்கார வச்சீங்க. அவர் கைலிக்கும் துண்டுக்கும் ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லிருக்கீங்களா? அந்த டூல் ஓடணும்னா நான் நிக்கணும். இல்லைன்னா குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

கண்ணன் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க அண்ணே. ரெண்டு வளையத்த வீணாக்கிட்டு சாமான் மேல பழி போட்டது நீங்க."

கண்ணம்மாள்தான் குறுக்கே விழுந்தார். எனக்காக இல்லை. "ஏப்பா, யாரு போட்டா என்ன? பொம்பள போட்டா மரை ஏறாதா? அங்கிட்டு எம்பூவு கொட்டிக்கிட்டிருக்கு. நீங்க நின்னு பஞ்சாயத்துப் பண்றீங்க!"

சார் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "மூணு வளையம். அதுக்கு மேல ஒரு பித்தளைத் துண்டு தொடக் கூடாது."

டிராயரைத் திறந்து காக்கிக் கோட்டை உதறினேன். துப்பட்டாவை மடித்து உள்ளே செருகிக் கழுத்துவரை பட்டன் போட்டேன். தாங்கியின் தண்டை டூல் போஸ்டில் இறுக்கினேன். வளையங்களைக் கண்ணன் அண்ணன் அளவாகக் குடைந்து கொடுத்தார். அதை மட்டும் சொல்லியாக வேண்டும், அளவு மயிரிழை பிசகவில்லை.

முதல் வளையத்தில் சீப்பை உள்ளே விட்டுத் தள்ளினேன். மரை கோணல் மாணலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தது.

"மரைக்குச் சரக்கு ஏறிருச்சு போல" என்றார் கண்ணன் அண்ணன். சார் சிரித்தார். கண்ணம்மாள் சிரிக்கவில்லை.

இரண்டாவது அதைவிட மோசம். வேகமாகத் தள்ளியதில் மரை இரட்டையாக விழுந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கல்லூரியில் நாலு வருஷம், பட்டறையில் இரண்டு வருஷம். ஆறு வருஷத்தில் என் கையை மெஷின் மேல் வைக்க விட்டிருந்தால் இந்த இரண்டு வளையத்தை என்றைக்கோ வீணாக்கியிருப்பேன். பையன்கள் எல்லாம் வீணாக்கித்தான் கற்றார்கள். அவர்கள் வீணாக்கியதை அளந்து ரெக்கார்டில் எழுதியது நான். என் வீணாக்கல் மட்டும் இப்படி மூன்று பேர் முன்னால், எண்ணி வைத்து நடக்க வேண்டுமா?

மூன்றாவது வளையத்தைச் சக்கில் பிடித்தேன். ஓட்டத்தை இன்னும் குறைத்தேன். ஆட்டோவில் பார்த்த வீடியோ நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் தள்ளவே இல்லை. பல்லை விளிம்பில் சும்மா தொட வைத்திருந்தார். நானும் தொட மட்டும் வைத்தேன். பல் உரசியது. பிறகு தன்னால் ஒரு கோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனது. நான் தள்ளவில்லை, அது என் கையை இழுத்துக்கொண்டு போனது. வெளியே எடுத்து மறுபடி தொட்டேன். அதே கோட்டில் விழுந்தது. பித்தளைத் தூள் மஞ்சளாக என் காக்கிக் கோட்டின் கைமேல் கொட்டியது. எட்டுத் தடவையோ ஒன்பது தடவையோ, எண்ணவில்லை.

நிறுத்தி, வளையத்தைக் கழற்றிச் சிலிண்டரில் வைத்துத் திருகினேன். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. வளையம் நிற்கவில்லை. கடைசி வரை போய் அடியில் உட்கார்ந்தது.

கண்ணம்மாள் வாங்கித் தானே ஒரு தடவை கழற்றித் திருகிப் பார்த்தார். "ம்" என்றார். பணத்தை மேசையில் வைத்தார், பம்பைப் பையில் போட்டார், பஸ்ஸுக்கு ஓடினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கண்ணன் அண்ணன் போட்டுக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் ஓடியிருப்பார்.

ஜாப் கார்டில் 'வேலை செய்தவர்' என்ற கட்டத்தில் இரண்டு வருஷமாகக் கண்ணன் என்றே எழுதி வந்தேன். அன்று ஷப்னம் என்று என் பேரை எழுதினேன். உண்மை அது, எழுதினேன்.

கிளம்பும்போது சார், "சீப்ப இங்கனயே வச்சிட்டுப் போ. கண்ணன் பழகிக்கிருவான்" என்றார்.

"டூல் வேணும்னா ஆளும் சேந்துதான் வரும் சார்" என்று சீப்பையும் தாங்கியையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

வீட்டில் அத்தா அந்த நாலையும் வரிசையாகத் துணிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். அது தோல் சாமான் இல்லை, மரை வெட்டுகிற சாமான், அடிக்கவே கூடாது, நான்தான் தெரியாமல் சொன்னேன் என்று எல்லாம் சொன்னேன்.

ஒரு சீப்பை எடுத்துப் பொக்கைப் பல்லைத் தடவினார். பிறகு வெடித்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? நான் ஒன்ன அடிச்சனா, கொன்னனா? அன்னைக்கே கேட்டேன்ல, எங்கிட்டு அடிக்கிறதுன்னு? நாலு நல்ல இரும்ப என் கையால நொறுக்க விட்டியே! இதச் செஞ்சவன் கை என்ன கையோ! படிச்ச திமிரு இருக்கட்டும். அத வெளிய காட்டு. எங்கிட்டக் காட்டாத."

அம்மா, "போதும் விடுங்க" என்றார்.

"நீ சும்மா இரு ரஃபியா" என்றார் அத்தா.

பட்டம் வாங்கிய பிறகு அத்தா என்னைத் திட்டியது அன்றுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஞானராஜ் சார்.

"அந்தம்மா ஊர்ல போய்ச் சொல்லிருச்சு போல. மூணு பேரு பம்ப்போட வந்து நிக்கிறாங்க. எல்லாம் அதே எழவு மரை. பெட்டியக் கொண்டு வந்து குடு."

"பெட்டி மட்டும் வராது சார்."

"சரி. வா. வந்து நில்லு."

"பில்லு?"

"நான் எழுதிக்கிறேன். வா சீக்கிரம்."

அவர் எழுத்து என் எழுத்தைவிட மோசம்.

வீட்டிலேயே காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டேன். "பஸ்ல இதப் போட்டுக்கிட்டா போற?" என்றார் அம்மா. "ஆமா" என்றேன். அத்தா நிமிரவில்லை. தன் பழைய ஒற்றைச் சீப்பால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வாசலில் என் பெட்டி துடைத்து, மூடியில் புதுத் தோல் வார் பிடித்துத் தயாராக இருந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெரியவர் கோட்டையும் பெட்டியையும் பார்த்தார். "என்னம்மா, ஈ.பி.யா?"

"டர்னர்" என்றேன்.

சண்டைக்குப் போகிற மாதிரித்தான் சொன்னேன். பாவம், அவர் சும்மா கேட்டார்.